தரை டிக்கெட்டு விருந்து

இதை நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. நாலாம் வகுப்போடு நின்றவள் நான். எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் வைப்பது என்று தெரியாமல், இலையில் முதலில் மோரை ஊற்றிவிட்டுப் பிறகு குழம்பைத் தேடுகிறவள் மாதிரி எங்கேயாவது தடுமாறிவிடுவேன். செவல்பட்டணத்துக்காரர்கள் கேட்டால், அப்படியெல்லாம் நடக்கவில்லை, நாங்கள் யாரையும் பட்டினி போடவில்லை என்பார்கள், அதை மனசார நம்பியும் சொல்வார்கள். இருந்தாலும் என் கண் பார்த்தது பார்த்ததுதான்.

செவல்பட்டணத்தில் ரயில்பாதையை ஒட்டி ஒரு நாடகக் கொட்டகை உண்டு. ஓர் ஐப்பசிப் புயல் அதன் கூரையை நடுவில் மட்டும் பிய்த்துக்கொண்டு போனது. மேடைக்கு மேலே தகரம் இருந்தது, பின்னால் உயரப் பலகையில் போட்டிருந்த நாற்காலிகளுக்கு மேலே தகரம் இருந்தது, நடுவே தரை டிக்கெட்டுக்காரர்கள் உட்காரும் மணலுக்கு மேலே மட்டும் வானம் இருந்தது. அதை யாரும் சரிசெய்யவில்லை. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்து காஸ் விளக்கு ஏற்ற வழியில்லாமல் போனபோது, ஓட்டைக் கூரையே வசதியாகிவிட்டது என்று சொல்லி, எங்கள் ஊருக்கு வந்த கம்பெனிகள் எல்லாம் மத்தியானம் மூன்று மணி வெயிலிலேயே ஆட்டத்தைத் தொடங்கிப் பொழுது சாய்வதற்குள் மங்களம் பாடிவிடும்.

அந்த மணலில்தான் என் பிழைப்பு. வறுத்த கடலை, கைமுறுக்கு, இஞ்சி மரப்பா, ஒரு மண்பானையில் புளியும் கருப்பட்டியும் சுக்கும் கலந்த பானகம். கடலைத் தொலி கணுக்கால் அளவுக்குக் கிடக்கும் மணலில் ஆட்களின் முழங்கால்களைத் தாண்டித் தாண்டிப் போய் விற்பேன். உள்ளே விற்கிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. பபூன் மேடையில் இருக்கும்வரை விற்கலாம், கூவலாம், சண்டைகூடப் போடலாம். ராஜபார்ட் வந்துவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். ராஜா பாடும்போது எவனாவது கடலை உடைத்தால், விற்றவளை மறுநாள் உள்ளே விடமாட்டார்கள். ஆகையால் ராஜா வந்ததும் நான் தூணோடு தூணாக நின்றுவிடுவேன். எத்தனையோ ராஜாக்களை அப்படி நின்றுகொண்டே பார்த்திருக்கிறேன். உட்கார்ந்து ஒருவரையும் பார்த்ததில்லை.

மழை பொய்த்த வருஷம் அது. கிணறுகளில் கயிறு போதாமல் சேலையை முடிச்சுப் போட்டு வாளி இறக்கினார்கள். என் வீட்டுக்காரர் பஞ்சு அரைக்கிற மில்லில் வேலை பார்த்து நெஞ்சு கெட்டுப்போய், இருமிக்கொண்டு, இரண்டு கை கஞ்சிக்கு மேல் இறங்காமல், எலும்பைத் துணியில் சுற்றி வைத்த மாதிரி வீட்டில் கிடந்தார். அப்போதுதான் ஆவுடையப்ப வாத்தியாரின் கம்பெனி வந்தது. ராஜபார்ட் கோமதிநாயகம் என்று ஓர் ஆள், முப்பது வயசிருக்கும், அகலமான மார்பு, கனமான குரல். கனகரத்தின ராஜா என்று ஒரு நாடகம் போட்டார்கள். அதில் ராஜாவுக்குக் கல்யாணம் ஆகிப் பந்தியில் உட்கார்கிற காட்சி உண்டு. இலை கிடையாது, சோறு கிடையாது, ஒரு காலித் தாம்பாளம்தான். ராஜா அதிலிருந்து எடுத்துப் பிசைந்து, உருட்டி, வாயில் போட்டு, மென்று, விழுங்கி, விரலைச் சூப்பி, அப்பளத்தை நொறுக்கி, பாயசத்தை வழித்து, ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒரு வரி பாடி, கடைசியில் வயிற்றைத் தடவிக்கொண்டு ஏப்பம் விட்டார்.

மணலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஏப்பம் விட்டார்கள்.

கேலிக்கு விட்ட ஏப்பம் இல்லை அது. குழந்தைகள் விட்டன, கிழவர்கள் விட்டார்கள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பெண்கள் விட்டார்கள். பிறகு பபூன் வந்தான். நான் கூடையோடு இறங்கினேன். ஒருவரும் கை நீட்டவில்லை.

"என்ன அண்ணாச்சி, கடலை வேண்டாமா?" என்று முன்வரிசைக்காரர் ஒருவரிடம் கேட்டேன்.

"எடம் இல்லம்மா. இப்பத்தான சாப்பிட்டேன்."

"எங்க சாப்பிட்டீங்க?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, நாடியால் மேடையைக் காட்டினார். "அங்கனதான்."

பக்கத்தில் தையல்காரர் மீரான் பாய் பல்லைக் குத்திக்கொண்டிருந்தார். "எல்லாம் சரி, வடையில உப்பு ஒரு கல்லு தூக்கல்" என்றார்.

"உங்களுக்கு எந்த விருந்துலதான் குறை இல்ல பாய்" என்றார் பின்னால் இருந்தவர்.

நாற்காலிக்காரர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஓரமாகப் போட்டிருந்த பெஞ்சில் இருந்தவர்களுக்கும் ஒன்றும் இல்லை. நின்றுகொண்டிருந்த எனக்கும் இல்லை. வானத்துக்குக் கீழே, மணலில் பிட்டம் பதிய உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் வயிறு நிறைந்தது. மறுநாளும் நிறைந்தது. அதற்கு மறுநாளும். ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், ரேஷன் கடையில் இன்றைக்குச் சீனி போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படித்தான். துண்டைப் போட்டு இடம் பிடித்தார்கள்.

கம்பெனி வேறு நாடகமே போடவில்லை. ஊர் விடவில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு வேண்டும் என்று வாத்தியாரிடம் போய்ச் சொன்னார்கள். மறுநாள் ராஜா பூண்டை உரித்துத் தின்றார், பச்சைப் பிள்ளைக்காரிகள் முன்வரிசையில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை கறி கூடாது என்று ஒரு கட்சி, ஞாயிற்றுக்கிழமை கறி இல்லாமல் எப்படி என்று ஒரு கட்சி. அமாவாசை விரதம் இருப்பவர்கள் மணலில் உட்காரலாமா என்று கோயில் பட்டரிடம் கேட்டார்கள். இன்னொருவர் வாயால் சாப்பிட்டது விரதத்தைக் கெடுக்காது என்று அவர் சொல்லிவிட்டு அவரும் வந்து உட்கார்ந்தார். நோன்பு மாசத்தில் மட்டும் மீரான் பாய் பெஞ்சு டிக்கெட்டு வாங்கிப் பார்த்தார். ஊறுகாய் மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவந்து, ராஜா தயிர்ச்சோறு பிசையும்போது நக்கிக்கொண்டார்கள் சில பேர்.

என் கடலை அழுகவில்லை, காறிப்போனது. ஆனால் ராஜா பந்தியில் ஒருபோதும் தண்ணீர் குடிப்பதில்லை, அந்த நாடகத்தில் அப்படி ஒரு காட்சியும் இல்லை, ஆகவே தின்ற ஜனத்துக்கெல்லாம் தாகம் எடுத்தது, என் பானகம் ஓடியது. ஒருநாள் அவர் விளையாட்டாகப் பச்சைமிளகாயைக் கடிக்கிற மாதிரிக் கடித்துவிட்டார். கொட்டகை முழுக்க நாக்கை நீட்டிக்கொண்டு என் பானையைச் சுற்றி விழுந்ததில் பானையே உடைந்தது.

என் வீட்டுக்காரரை நான்தான் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய் மணலில் உட்காரவைத்தேன். கஞ்சி இறங்காத தொண்டையில் மேடைச் சோறு இறங்கியது. இருமல் குறைந்தது. தோளில் சதை பிடித்தது. ஒரு மாசத்தில் குடத்தைத் தூக்கினார், மறுமாசம் உரலைத் தூக்கி வெயிலில் போட்டார், இனி இதற்கு என்ன வேலை என்று. எனக்குச் சந்தோஷம்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும். ஆனால் நான் காய்ச்சுகிற கஞ்சியை அவர் முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

"என்னங்க, ஒரு வாய்."

"போளா. உன் கஞ்சி சுவத்தத் தின்ன மாதிரி இருக்கு."

அடுப்புகள் அணைந்தன. அம்மிகளில் கோழி முட்டையிட்டது. பஞ்சு மில் முதலாளி பலவேசம், முதலில் நாற்காலியிலிருந்து மூக்கைச் சுளித்துக்கொண்டிருந்தவர், பிறகு ஜமுக்காளத்தோடு மணலுக்கு இறங்கி வந்து, ஜமுக்காளத்தின் மேல் உட்கார்ந்தால் நிறையவில்லை என்று கண்டு, பட்டு வேட்டியோடு மணலிலேயே உட்கார்ந்தார். கடைகளில் தேங்கிக் கிடந்த தானியத்தை எல்லாம் அவரே அடிமாட்டு விலைக்கு வாங்கி, கூட்ஸ் வண்டியில் ஏற்றி, பஞ்சம் பிடித்த வேற்றூர்களுக்கு அனுப்பினார். ஊரில் ஒரு படி கம்பு மிச்சமில்லை. யாரும் கவலைப்படவில்லை. அந்த வண்டி கூவிக்கொண்டு போனபோது நான் மட்டும் காதைப் பொத்திக்கொண்டேன். நான் எதற்குத்தான் பயப்படவில்லை.

அந்த முதலாளிதான் ஒருநாள் ஆசைப்பட்டு, காலித் தாம்பாளத்திலேயே இப்படி என்றால் நிஜப் பலகாரம் வைத்தால் எப்படி இருக்கும் என்று, திருநெல்வேலியிலிருந்து ஜிலேபி வரவழைத்துத் தாம்பாளத்தில் வைக்கச் செய்தார். ராஜா அதைப் பார்த்தார். பாட்டை மறந்தார். இரண்டு கையாலும் எடுத்துத் தின்றார், ஜீரா முழங்கை வழியாக ஒழுக ஒழுகத் தின்றார். மணலில் ஒருவருக்கும் ஒன்றும் நிறையவில்லை. ராஜாவுக்கு மட்டும் நிறைந்தது. அன்றைக்கு ஊர் பசியோடு வீட்டுக்குப் போனது, போய்ப் பார்த்தால் அடுப்பும் இல்லை, கம்பும் இல்லை.

அந்தப் பசியோடுதான் ஊர்க்கூட்டம் கூடியது. நான் ஓரமாக நின்று கேட்டேன். நிஜத்தைத் தின்றால் அது ராஜாவின் வயிற்றிலேயே தங்கிவிடுகிறது, காலியைத் தின்றால்தான் ஊருக்கு வருகிறது, என்று கண்டுபிடித்தார்கள். அதோடு நின்றிருக்கலாம். முதலாளி எழுந்து, "காலைல ரெண்டு இட்லி தின்னுட்டு வாராரு, அன்னிக்கெல்லாம் நமக்கு அரை வயிறுதான் நிறையுது, கவனிச்சிருக்கீயளா?" என்றார். எல்லாரும் யோசித்தார்கள். ஆமாம் என்றார்கள். "நமக்காகத்தான் அவரு சாப்பிடுதாரு. அதுக்கு மேல தனக்குன்னு ஒண்ணு சாப்பிட்டா என்ன நியாயம்?"

"பசி இருந்தா நடிப்பு நல்லா வரும்தான்" என்றார் ஆவுடையப்ப வாத்தியார், தரையைப் பார்த்துக்கொண்டு. கம்பெனி அதுவரை அப்படி ஒரு வசூலைப் பார்த்ததில்லை.

யாரும் கெட்டவர்கள் இல்லை. ராஜாவுக்கு மாலை போட்டார்கள், பட்டு எடுத்துக் கொடுத்தார்கள், அவர் பேரைப் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். மேடைக்குப் பின்னால் இருந்த தட்டி அறையில் அவரை உட்காரவைத்து மில் ஆட்கள் இரண்டு பேரைக் காவலுக்கும் வைத்தார்கள். உயிர் நிற்கிற அளவுக்கு ஆட்டம் முடிந்ததும் ஒரு கரண்டிக் கஞ்சி. வெற்றிலை போடலாம். "ஏம்மா வேலுத்தாயி, உன் கூடை அந்தப் பக்கம் போகக்கூடாது, கேட்டியா" என்று என்னிடம் தனியாகச் சொன்னார்கள். ஆட்டம் தொடங்குமுன் வாத்தியார் ராஜாவின் வாயை முகர்ந்து பார்ப்பார். ஒருநாள் நான் தட்டிச் சந்து வழியாக ஒரு பிடி கடலையை உள்ளே போட்டேன். வாத்தியார் முகர்ந்தார். அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை, ஆட்டத்துக்கு மணி அடித்தாயிற்று. மணலில் அன்றைக்கு முக்கால் வயிறுதான். காவலுக்கு இன்னும் ஓர் ஆள் போட்டார்கள், தட்டியில் சாணி மெழுகினார்கள்.

ராஜா இளைத்தார். மார்புப் பட்டையைப் பின்னால் ஊசி குத்தி இறுக்கினார்கள், கிரீடம் காதில் வந்து உட்கார்ந்தது, கன்னக் குழியில் அரிதாரத்தை அப்பி மேடாக்கினார்கள். இளைக்க இளைக்க அவர் தின்பது அழகாகிக்கொண்டே போனது. ஒரு சோற்றுப் பருக்கை விரலில் ஒட்டியிருப்பதைப் பார்க்கிற அந்தப் பார்வையை நான் எந்த நிஜப் பந்தியிலும் பார்த்ததில்லை. ஊரே கொழுத்தது. பெண்கள் ரவிக்கையைப் பிரித்துத் தைக்க மீரான் பாய் வீட்டு வாசலில் நின்றார்கள்.

நான் ஒருமுறை உட்கார்ந்தேன். கால் வலி. ராஜா வந்துவிட்டார், தூண் தூரத்தில் இருந்தது, அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். நெய் வாசம் முதலில் வந்தது. என் கல்யாணத்துக்கு அப்புறம் நெய்யை நான் நாக்கில் வைத்ததில்லை. பருப்பு, பொரியல், பக்குவமாய் வறுத்த அப்பளம், எல்லாம் ஒவ்வொன்றாகத் தொண்டையில் இறங்க இறங்க, உடம்பு முழுவதும் இளகி, பயம் என்று ஒன்று எனக்குள் இருந்ததே மறந்துபோய், இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய் என்று மேடையைப் பார்த்தால், ராஜாவின் தொண்டை முடிச்சு மட்டும் ஏறி ஏறி இறங்குவது தெரிந்தது, உள்ளே ஒன்றும் போகாமல். எழுந்துவிட்டேன். எழுந்த வேகத்தில் டம்ளர் விழுந்தது. அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். ஊர் ஏன் இப்படிச் செய்கிறது என்று அதற்குப் பிறகு நான் யாரையும் கேட்கவில்லை. அவ்வளவு ருசியாக இருந்தது.

கடைசியில் கொட்டகைக் குத்தகை முடிந்து, கம்பெனி ஊரைவிட்டுக் கிளம்பும் நாள் வந்தது. கிளம்புவதற்கு முன் ராஜபார்ட்டுக்கு, வசூல் முழுதும் அவருக்கே என்று, பெனிபிட் ஆட்டம் கொடுப்பது வழக்கம். அன்றைக்கு எந்த நாடகம் என்று அவரே சொல்வார். வாத்தியார் மாற்ற முடியாது, ஊர் மாற்ற முடியாது. வெற்றிலை பாக்கு வைத்து அவர் நாடகத்தின் பேரைச் சொன்னால் சொன்னதுதான். ராஜா சொன்னார்: "நஞ்சுண்ட மன்னன்." மந்திரியின் சூழ்ச்சியில் சிக்கிய ராஜா நின்று ஒரு பாட்டுப் பாடிவிட்டு, கிண்ணம் நிறைய விஷத்தைக் குடிக்கிற நாடகம்.

சோறு வந்த வழியில் விஷமும் வருமே என்று ஊர் ஒருநாள் முழுக்கக் கணக்குப் போட்டது.

தொலி கொட்டுகிற சாக்கில் நான் கொட்டகைக்குப் பின்னால் போனேன். காவல்காரர்கள் மணலில் சாய்ந்து கிடந்தார்கள், நன்றாகத் தின்றவர்களுக்கு வருகிற தூக்கம். தட்டிக்கு இந்தப் பக்கம் குனிந்து, "தம்பி, அந்த நாடகம் வேண்டாம்" என்றேன்.

"ஏன்க்கா? எனக்கு நல்லா வர்ற காட்சி அது." குரல் மட்டும் இளைக்கவில்லை.

"கிண்ணத்துல இருக்கிறது மணலுக்குப் போகும்லா."

"கிண்ணத்துல ஒண்ணும் இருக்காதுக்கா. தாம்பாளத்துல என்ன இருந்தது?"

"அதத்தான் நானும் சொல்லுதேன்."

"எனக்குள்ள எதுவும் தங்க மாட்டேங்குது. எல்லாம் அவங்களுக்குப் போயிருது. விஷமாவது தங்குதான்னு பாப்போம்" என்றார், ஏதோ சட்டை அளவு சொல்கிற மாதிரி.

"அடுத்த காட்சியில அம்மன் வந்து எழுப்புவாள்லா, அதையாவது..."

"அம்மன் வந்து அமுதம் கொடுப்பா. அதுவரைக்கும் நான் தாங்க மாட்டேன்க்கா. பாட்டு முடியிற வரைக்கும் நின்னாப் போதும்னு பாக்கேன்."

இதைத்தான் நான் ஓடிப்போய் ஊரில் சொன்னேன். ஆனால் நான் சொன்னதில் அவர்கள் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல். அமுதமா? ராஜா அமுதம் குடிப்பாரா? வாத்தியாரிடம் போய்க் கேட்டார்கள். ஆமாம், விஷம் குடித்துச் சாய்ந்ததும் அம்மன் தோன்றி அமுதம் கொடுக்கிற காட்சி உண்டு, அவர் எழுந்து குடித்து மங்களம் பாடுவார் என்றார் வாத்தியார். அப்புறம் என்ன, என்றது ஊர். ஒரு பாட்டு நேரம் வயிறு எரியும், பிறகு அமுதம். அமுதம் குடித்தவனுக்குச் சாவே கிடையாது. இத்தனை மாசம் சாப்பிட்டதெல்லாம் இதற்குத்தான் என்று பேசிக்கொண்டார்கள்.

பலவேசம் முதலாளியும் அவரைப் போன்றவர்களும் மட்டும் அன்று காலையிலேயே நாற்காலி டிக்கெட்டுகளை எல்லாம் வாங்கிவிட்டார்கள். விஷத்துக்கு நாற்காலி, அமுதத்துக்கு மணல். இறங்கி ஓடி வருவதற்கு வசதியாக நாற்காலிகளைப் படிக்கட்டுப் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள். பெஞ்சு டிக்கெட்டும் தீர்ந்துவிட்டது. மில்லில் வேலை பார்த்தவர்களும், பிள்ளைக்காரிகளும், வீட்டில் அடுப்பில்லாதவர்களும், என் வீட்டுக்காரரும் மணலில் உட்கார்ந்தார்கள்.

"எந்திரிங்க, நம்ம வெளிய போயிருவோம்" என்று அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். இழுக்க முடியவில்லை, அவ்வளவு கனம் வைத்திருந்தார்.

"இடத்த விட்டா திரும்பக் கிடைக்காதுளா."

"ராஜா தாங்க மாட்டேன்னு சொல்லுதாரு. அமுதம் வராதுங்க. விஷத்தோட நின்னுபோகும்."

"நீ எதுக்குத்தான் பயப்படல? ரயிலு கூவுனாப் பயம், நாய் கொலைச்சாப் பயம். நீயும் உக்காரு. சாவாம இருக்கலாம்."

மூன்று மணிக்கு மணி அடித்தது. பபூன் வந்தான், நான் விற்கவில்லை. மந்திரி வந்து சூழ்ச்சி செய்தான். பிறகு ராஜா வந்தார். அவரைப் பார்த்ததும் மணலிலிருந்து ஒரு முனகல் கேட்டது, ஏனென்றால் அன்று அவர் அரிதாரம் போடவில்லை. எலும்பும் கண்ணும் கிரீடமுமாக நின்றார். கையில் பித்தளைக் கிண்ணம். பாட ஆரம்பித்தார். நாற்காலிக்காரர்கள் துண்டை இடுப்பில் கட்டினார்கள், ஓடுவதற்கு. பாட்டில் மூன்று அடி உண்டு. முதல் அடியில் ராஜ்ஜியத்தை விட்டார். இரண்டாவது அடியில் மனைவி மக்களை விட்டார். மூன்றாவதுக்கு மூச்சு வாங்க நின்றபோது அவருடைய முழங்கால் ஆடியதை நான் பார்த்தேன். அமுதக் காட்சி வராது என்று அந்த முழங்கால் சொன்னது. மணலில் பார்த்தேன், ஒரு பிள்ளைக்காரி கைக்குழந்தையின் உள்ளங்காலை மணலில் பதிய வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள், அதற்கும் அமுதம் கிடைக்கட்டும் என்று.

ராஜா மேடையில் இருக்கும்போது நான் நகர்ந்தது அதுதான் முதல் தடவை. தூணை விட்டேன். பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தொலி நொறுங்கும் சத்தத்தோடு, முழங்கால்களையும் கைகளையும் மிதித்துக்கொண்டு, பல பேர் உச்சுக்கொட்ட, யாரோ சேலையைப் பிடித்து இழுக்க, மேடைப்படி ஏறினேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. பழக்கத்தில் வாயில் வந்தது அதுதான்: "பானகம், பானகம்."

ராஜா பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் டம்ளரால் மொண்டு அவர் கிண்ணத்தில் ஊற்றினேன். அவசரத்தில் பாதி அவர் கையில் வழிந்தது. முதலில் அந்தக் கையை நக்கினார். பிறகு கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக, நிறுத்தி நிறுத்திக் குடித்தார். கருப்பட்டியும் புளியும் சுக்கும் அவர் தொண்டையில் இறங்கி, வயிற்றில் போய் நின்றது. எனக்கே தெரிந்தது அது நின்றது. காலிக் கிண்ணத்தை நீட்டினார். இன்னொரு டம்ளர் ஊற்றினேன். அதையும் குடித்துவிட்டு, மேடையிலேயே உட்கார்ந்து, அப்படியே சாய்ந்து தூங்கிப்போனார், வாயோரம் புளித்தண்ணீரோடு, நிஜமாகவே தூங்கினார்.

மணலில் யாருக்கும் எதுவும் நடக்கவில்லை. எரியவில்லை, இனிக்கவில்லை. அம்மன் வேஷக்காரன் பக்கவாட்டில் காலிச் செம்போடு நின்று முழித்தான். கொட்டகைக்குள் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை. அதற்குள்ளிருந்து ஒரு சத்தம் மெல்ல மெல்லக் கிளம்பியது, தூரத்தில் வண்டி வருகிற மாதிரி. ஊரின் வயிறுகள் எல்லாம் ஒன்றாக இரைந்தன.

"அமுதத்தக் கெடுத்துட்டா" என்றார் யாரோ, உரக்கக்கூட இல்லை.

"சாவாம இருந்திருப்போம்" என்றாள் அந்தப் பிள்ளைக்காரி.

நாற்காலியிலிருந்து முதலாளி என்னையே பார்த்தார். ஒருவர் எழுந்தார். பின்னால் பத்துப் பேர் எழுந்தார்கள். என்னிடம் எப்போதும் அம்மா, அக்கா என்று பேசிக் கடலை வாங்கினவர்கள்தான். இப்போது அவர்கள் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. தாம்பாளத்தை அப்படித்தான் பார்ப்பார்கள். நான் கூடையை எடுத்து அப்படியே மணலில் கவிழ்த்தேன். காறிப்போன கடலை, பழைய முறுக்கு, மரப்பா, எல்லாம் சிதறியது. முன்னால் வந்தவர் நின்றார். குனிந்தார். ஒரு கடலையை எடுத்து, எப்படி உடைப்பது என்று மறந்துபோனவர் மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பல்லில் வைத்துக் கடித்தார். அந்தச் சின்னச் சத்தம் கேட்டதுதான் தாமதம், எல்லாரும் விழுந்தார்கள். தொலியோடு தின்றார்கள். மணலோடு தின்றார்கள். நாற்காலிக்காரர்கள் துண்டை இடுப்பில் கட்டினது வீண்போகவில்லை, அவர்களும் ஓடிவந்து விழுந்தார்கள். ஒருவர் வாயிலிருந்ததை இன்னொருவர் விரல்விட்டு எடுத்ததை நான் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் மட்டும் விழவில்லை. வாயைத் திறந்துகொண்டு நின்றார். கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மேடைக்கு ஏறி வந்து, "தூக்கணுமாளா?" என்று கேட்டார்.

"தூக்குங்க."

ராஜாவைத் தூக்கித் தோளில் போட்டார். காலிப் பானை மாதிரி இருந்தார் அவர். அவர் தின்று தின்று இவர் உடம்பில் ஏற்றிய பலம்தானே அது, அதைக்கொண்டே இவர் அவரைச் சுமந்துகொண்டு, பக்கத் தட்டியைக் காலால் உதைத்துத் திறந்து, இருமாமல், ரயில்பாதை ஓரமாகவே பொழுது சாயும் வரைக்கும் நடந்தார். பின்னால் யாரும் வரவில்லை. அவர்கள் வாய் நிறைய இருந்தது.

இப்போது வேறோர் ஊரில் இருக்கிறோம். பேர் சொல்லமாட்டேன். ராஜா என் கூடப் பிறந்த தம்பி என்று சொல்லி வைத்திருக்கிறேன். மீசை வளர்த்திருக்கிறார், தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்குகிறார், பாட்டுப் பாடக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேறுகிறது. என் வீட்டுக்காரருக்கு இருமல் திரும்பிவிட்டது. கஞ்சியை முகம் சுளிக்காமல் குடிக்கிறார்.

நிஜச் சோறுதான் வைக்கிறேன், அது அவர் வயிற்றிலேயே தங்குகிறது, யாருக்கும் ஒன்றும் போவதில்லை. தெரியும். ஆனாலும் அவர் சாப்பிட்டு முடித்தபின் சில நாள் காலித் தட்டில் விரலை ஓட்டுவார், பழக்கத்தில், ஒரு பருக்கையை எடுக்கிற மாதிரி எடுத்து வாயில் வைப்பார். நெய் வாசம் எனக்கு இன்னும் மறக்கவில்லை, பசித்த வயிற்றோடு அதைப் பார்க்க எனக்குப் பயம். ஆகவே ஒரு காரியம் செய்கிறேன். சமைத்து இறக்கியதும் முதலில் நான் சாப்பிட்டுவிடுகிறேன், வீட்டு ஆண்களுக்கு முன்னால், அடுப்படியிலேயே உட்கார்ந்து, வயிறு முட்ட, இனி ஒரு வாய் இறங்காது என்கிற வரைக்கும். அடுத்த வீட்டுக்காரி பார்த்துவிட்டுத் தெருவெல்லாம் சொல்லி, இங்கே என் பேர் வயித்துக்காரி. இருக்கட்டும். சாப்பிட்டு, என் வீட்டுக்காரரையும் வயிறு நிறையச் சாப்பிட வைத்துவிட்டு, பிறகுதான் ராஜாவுக்குத் தட்டு வைத்து, அவரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துகிறேன்.